மஞ்சப்பைப் புரட்சி

2018 டிசம்பர் 1, சனிக்கிழமை. பாரிஸில் அன்று புரட்சி. என் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார்.

குடியிருந்தது பதினாறாம் வட்டாரம். பணக்காரர் பேட்டை. பெருமூச்சு விடாதீர்கள், அந்தக் காலத்துச் சீமான்கள் வேலைக்காரப் பெண்களுக்கு ஒதுக்கிய ஆறாம் மாடிப் பொந்து அது. லிஃப்ட் கிடையாது. கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும்.

சனிக்கிழமையானால் இரண்டாம் நம்பர் மெட்ரோவில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் போய்க் காய்கறி வாங்குவேன். அன்று பில் போட்ட யாழ்ப்பாணத்து அண்ணன், "தம்பி, வெள்ளனவே வீட்ட போங்கோ. அங்கால பிரச்சினை" என்றார். பிரச்சினை எப்படி இருக்கும் என்று ஊரிலேயே பார்த்துவிட்டு வந்த மனிதர். கேட்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். டீசல் வரியை லிட்டருக்கு 6.5 சென்ட் ஏற்றப்போவதாக அதிபர் மக்ரோனின் அரசு சொன்னது. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத சிற்றூர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். காருக்கு ஒரு மஞ்சள் மேல்சட்டை கட்டாயம் என்று 2008-ல் சட்டம் போட்டதும் அரசுதான். ஆக, புரட்சிக்கு யூனிஃபார்ம் எடுத்துக் கொடுத்த புண்ணியமும் அதற்கே. நவம்பர் 17 முதல் சனிக்கிழமைதோறும் மறியல். லீவு போடாமல் புரட்சி.

காய்களோடு திரும்பும்போது, வெற்றி வளைவுப் பக்கம் மெட்ரோ நிற்காது என்றார்கள். முன்னாலேயே இறங்கி நடந்தேன். கண் எரிந்தது. எவரோ மிளகாய் வறுக்கிறார்கள் என்று ஒரு நொடி ஊர் ஞாபகம். கண்ணீர்ப்புகை! இனி எவனும் தெருவை மறித்துத் தடுப்பு கட்டக்கூடாது என்றும்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரைத் திருத்திக் கட்டிய அதிகாரி ஓஸ்மான் இந்த வீதிகளை அகலமாக்கினார். அகலமான வீதியில் கார்கள் தாராளமாக எரிந்துகொண்டிருந்தன.

ஹெல்மெட் போலீஸ்காரர் ஒருவர் என் கையைப் பார்த்தார். மதுரை ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதற்கு வெளியே ஆறு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு நின்றன. மஞ்சளும் தடியும் சேர்ந்தால் அன்றைய பாரிஸில் அர்த்தம் ஒன்றுதான். எதிர்ச்சாரியில் ஒரு மஞ்சள் சட்டைக்காரர் என்னைத் தோழராக ஏற்று முஷ்டியை வேறு உயர்த்தினார்.

"லெகூம், லெகூம்" என்று கத்தினேன். 'காய்' என்பதற்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். போலீஸ்காரர் ஒன்றை உருவி வளைத்தார். ஒடியவில்லை. மோந்தார். மூன்று பேர் கூடி ஆலோசித்தார்கள். இரண்டாவதையும் வளைத்தார். நார்தான் இழுத்தது. அத்தனையும் முற்றல் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "போ" என்று கையசைத்தார்.

டிசம்பர் 4-ல் பிரதமர் வரி உயர்வை நிறுத்திவைத்தார். மறுநாள் அது அடியோடு கைவிடப்பட்டது. 10-ஆம் தேதி மக்ரோன் டிவியில் தோன்றி, குறைந்தபட்சச் சம்பளக்காரர்களுக்கு மாதம் 100 யூரோ கூடுதல் என்றார். வளைபட்ட என் காய்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சனிக்கிழமை கடைக்குக் கிளம்பும்போது செய்தியைப் பாருங்கள். நேரமில்லையென்றால் பையின் நிறத்தையாவது பாருங்கள்.