எலவனாசூர்கோட்டையில் பயறு முளைகட்டுதல்: ஒரு பன்முக நோக்கு

0. ஆய்வின் தேவை

பயறை ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் முளைக்கும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது என்றால், இத்துறையில் போதிய ஆய்வு நடக்கவில்லை என்றுதானே பொருள்? அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எல்லை

இட எல்லை: கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்ப்பேட்டை வட்டம், எலவனாசூர்கோட்டை. கால எல்லை: வெள்ளி இரவு முதல் ஞாயிறு காலை வரை.

2. தோற்றமும் பரவலும்

முளையை உணவாக்கிய முதல் தமிழர் இளையான்குடி மாற நாயனார் என்பது பெரியபுராணத்தால் பெறப்படும். அடியார் ஒருவர் பசியோடு வந்துவிட, நள்ளிரவு மழையில் வயலுக்குப் போய், விதைத்திருந்த நெல்முளையை வாரிவந்தவர் அவர். இளையான்குடி சிவகங்கை மாவட்டத்தில் கிடப்பது இவ்வாய்வுக்குப் பெரும் இடையூறு. ஆனால் மாறனாரைத் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் பாடியவர் சுந்தரர். சுந்தரர் அவதரித்த திருநாவலூரோ எங்கள் வட்டத்தில் இருக்கிறது. ஆகவே முளைகட்டும் கலை உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் தோன்றித் தெற்கே பரவியது என்பது வெள்ளிடைமலை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. அவற்றை நான் படித்ததில்லை. படித்தவரை மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டுகிறேன். கல்வெட்டாய்வில் இது புதிய முறையன்று.

மாறனாரின் மனைவி அந்த முளையை வறுத்து, குத்தி, அரிசியாக்கிச் சோறு பொங்கினார் என்று புராணம் தொடர்கிறது. பச்சை உணவுக் கொள்கைக்கு இது பொருந்தாததால் இங்கே விடப்படுகிறது. 1929இல் காந்தி சமைக்காத உணவைச் சோதித்து ‘யங் இந்தியா’வில் எழுதினார், முளைகட்டிய கோதுமை 8 தோலா அவருடைய பட்டியலில் இருந்தது. பிறகு வயிற்றுக்கடுப்பு வந்து சோதனையைக் கைவிட்டார். இதுவும் விடப்படுகிறது.

3. வகைப்பாடு

பச்சைப்பயறு: முளைக்கும்.

கொள்ளு: முளைக்கும்.

கொண்டைக்கடலை: முளைக்கும், யோசித்து.

கேழ்வரகு: முளைகட்டி, காயவைத்து, அரைத்தால் கஞ்சி மாவு.

துவரம்பருப்பு: உடைத்தது முளைக்காது. காத்திருந்தவர்கள் உண்டு.

ராஜ்மா: பச்சையாகத் தின்றால் நஞ்சு, ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

முளைப்பாரி: அம்மனுக்கு. கிள்ளித் தின்பவர் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கவும்.

4. துணிக் கோட்பாடு

எந்தத் துணியில் கட்டுவது? ஊர் இதில் மூன்று சிந்தனைப் பள்ளிகளாகப் பிரிந்து நிற்கிறது.

வேட்டிப் பள்ளி தொன்மையானது. துவைத்துத் துவைத்து நைந்த எட்டு முழ வேட்டிதான் காற்றையும் ஈரத்தையும் அளவாக விடும் என்பது இதன் கொள்கை (எதிர்வீட்டுப் பெரியம்மா, வாய்மொழி). கரையோடு கிழிப்பதா, கரையை விட்டுக் கிழிப்பதா என்பதில் இப்பள்ளி இரண்டாக உடைந்தது. கரை முடிச்சைத் தாங்கும் என்பர் ஒரு சாரார் (பெரியம்மா, மேலது). சாயம் பயறில் இறங்கும் என்பர் மறுசாரார் (பெரியம்மாவின் மூத்த மருமகள், சமையலறை உரைகள், கதவு சாத்திய பதிப்பு). கட்சிக் கரை வேட்டியில் கட்டிய பயறு கூட்டணி மாறினால் முளையைத் திருப்பிக்கொள்ளும் என்றொரு கருத்தும் நிலவுகிறது (டீக்கடை பெஞ்சுச் சுவடி, ஆசிரியர் பெயர் இல்லை, பாதி ஏடுகள் வடை எண்ணெயில் ஊறியவை).

துண்டுப் பள்ளி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டது, நாற்றம் எடுத்தது, அழிந்தது.

ஹாட்பாக்ஸ் பள்ளியார் துணியே தேவையில்லை என்னும் புரட்சியாளர். வேட்டிப் பள்ளியார் இவர்களோடு ஒரே பந்தியில் உட்காருவதில்லை (பெரியம்மா, மேலது, மருமகளின் மறுப்பு, அதே நாள் பிற்பகல், மறுப்புக்கு மறுப்பு, தெருமுனை வரை கேட்கும் பதிப்பு, இரண்டையும் சமரசப்படுத்திப் பெரியப்பா எழுத நினைத்து, உயிர்மேல் ஆசையால் எழுதாமல் விட்ட அணிந்துரை).

இப்பகுதியை மட்டும் தனிக் கட்டுரையாக்கி, பணம் கட்டினால் அச்சிடும் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். வல்லுநர் குழு அதை வரிவரியாகப் பரிசீலித்து ஏற்புக் கடிதம் அனுப்பியபோது, ஊறப்போட்ட பயறு இன்னும் முளைவிட்டிருக்கவில்லை.

5. அறிவியல் (சுருக்கமாக, துணி இடத்தை எடுத்துக்கொண்டதால்)

தண்ணீரை உறிஞ்சியதும் பயறுக்குள் நொதிகள் விழித்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வயிற்றில் வாயுவைக் கிளப்பும் சில சர்க்கரைகள் குறைகின்றன. காய்ந்த பயறில் ஏறக்குறைய இல்லாத வைட்டமின் சி, முளையில் உண்டாகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் ஹாரியட் சிக், பழமும் காய்கறியும் கிடைக்காத படைவீரர்களை ஸ்கர்வி நோயிலிருந்து காக்க முளைகட்டிய பயறைப் பரிந்துரைத்தார். எந்தத் துணியில் கட்டுவது என்ற கேள்வி அவரைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை.

6. முடிவு

2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய விதைகளால் பரவிய ஈ.கோலை கிருமியால் ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றனர்; 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெந்தய விதையில் கிருமி ஒட்டி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது விசாரணையின் முடிவு. முளை வளரத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி வளரவும் போதும். வேட்டியா, துண்டா, ஹாட்பாக்ஸா என்று தெருவே சண்டையிட்டது. அதைக் கழுவினார்களா என்று மூன்று பள்ளியிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆகவே வாசகரே, கையைக் கழுவுங்கள். துணியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். எங்கள் ஊர் வெயிலில் பயறு சீக்கிரம் புளிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். வழவழப்போ வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். குழந்தை, கர்ப்பிணி, முதியவர் இருக்கும் வீட்டில் பச்சையாகக் கொடுக்காமல் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையும். அதற்கு ஓர் எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதும்.