கம்பியும் கூப்பன் சீனியும்

எழுபதுகளில் அட்டாளைச்சேனையில் கோணலாக முளைத்த பல், கோணலாகவே மையவாடி வரை கூட வரும். கம்பி என்றால் வளவுக்கு அடிக்கிற முள்ளுக்கம்பிதான். உமிக்கரியை விரலால் தேய்த்துக் கிணற்றடியில் கொப்பளித்தால் வேலை முடிந்தது. பெரியவர்களின் சட்டைப்பையில் மிஸ்வாக் குச்சி. சீனி கூப்பனுக்குத்தான். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கி நக்கிப் பிளேன்டி குடித்தோம். கிருமிகளுக்கும் பஞ்சகாலம். அன்றைய பிரதமர் சிறிமாவோ அம்மையாருக்குப் பல் வைத்தியப் பட்டமே கொடுத்திருக்கலாம். உமிக்கரி பல்லின் எனாமலை அராவியது வேறு கதை.

இப்போது ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இளைய மகளின் பல்லில் கம்பி. அதில் மாட்டும் ரப்பரின் நிறம் பெருநாள் உடுப்புக்குத் தோதாக மாறுகிறது. ஒவ்வொரு பல்லிலும் ஒட்டிய பிராக்கெட்டின் இடுக்குக்கு நாக்கும் எட்டாது, எச்சிலும் சரியாக எட்டாது. காசு கொடுத்துக் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

குடிவந்தவரில் முக்கியமானவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இலேயே லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார். எங்கள் உம்மம்மாவுக்குத்தான் அறிமுகமில்லை. சீனி கிடைத்தால் இது பசையும் செய்யும், அமிலமும் செய்யும். பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரையும். கவனிக்காவிட்டால் நான்கே வாரத்தில் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழலாம். கம்பியைக் கழற்றும்போது பல் நேராக இருக்கும், சுண்ணாம்புப் புள்ளியோடு.

முரசு வீங்கியபோது வைத்தியர் குளோர்ஹெக்சிடின் மருந்துத் தண்ணீர் கொடுத்தார், கொஞ்ச நாளைக்கு மட்டும். மகளுக்கு அது பிடித்துவிட்டது.

“வாப்பா, இதால கொப்புளிச்சா கிருமி செத்துரும்தானே? பிறகென்னத்துக்குத் தீட்டுற?”

கிருமி பசையால் கட்டிய தடித்த படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. தேய்த்துத்தான் கழற்ற வேண்டும். நெடுநாள் பாவித்தால் பல்லில் கபிலக் கறையும் பிடிக்கும். அவளுடைய மேசையிலோ மில்க் டீ காலையிலிருந்து மிடறு மிடறாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மிடறுக்கும் அமிலம் புதிதாக ஊறும். நோன்பு மாதம் இன்னும் மோசம்: பகலில் எச்சில் வற்றும், இஃப்தாரிலிருந்து சஹர் வரை சர்பத்தும் தொதலும்.

கம்பி கட்டிய பிள்ளை வீட்டில் இருந்தால், எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை தடவை என்பதையும் பாருங்கள். படுக்கப் போகுமுன் ஃபுளோரைட் பற்பசையால் கம்பிக்கு மேலும் கீழும் தீட்டச் சொல்லுங்கள், இடுக்குக்குச் சின்னத் தூரிகையும் வாங்கிக் கொடுங்கள். நோன்பில் சஹருக்குப் பிறகும் ஒரு தடவை.