டி டிரைவ் இருக்க பயமேன்?

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா? ஃபார்மேட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட வேண்டியதுதான். உங்களுக்கென்ன கவலை? எல்லா மென்பொருளையும் டி டிரைவில் போட்டு வைத்த முன்யோசனைக்காரர் ஆயிற்றே! சி போனால் விண்டோஸ் மட்டும்தான் போகும். ஃபோட்டோஷாப்பை யார் அசைக்க முடியும்? இந்த நம்பிக்கை தளராமல் வேலையை ஆரம்பியுங்கள்.

1. பேக்கப் எடுக்காதீர்கள். டி டிரைவ்தான் உங்கள் பேக்கப். சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு துண்டுகள் என்று எவராவது சொன்னால், கேட்டுக்கொண்டு தலையாட்டுங்கள், போதும்.

2. சி-யில் என்ன இருக்கிறது என்று திறந்தே பார்க்காதீர்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அங்கேதான் என்பது தெரிந்தால் மனம் தளர்ந்துவிடும். ஆப்டேட்டா என்றொரு ஃபோல்டரும் உண்டு. டி-யில் போட்ட மென்பொருள்கூட உங்கள் செட்டிங்ஸையும் பிரஷ்களையும் அங்கேதான் சேர்த்து வைக்கிறது. அதை மறைத்து வைத்திருக்கிறார்கள். முக்கியமானதாக இருந்தால் மறைப்பார்களா?

டிடிபி வேலை செய்பவர் என்றால் உங்களுக்குக் கூடுதல் சுவாரசியம். பாமினி முதலான பழைய எழுத்துருக்கள் எல்லாம் சி-யில், விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள். அவற்றைத் தொடாதீர்கள். நாளைக்கு அவசரமாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் திறப்பீர்கள். அமரரின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நிற்கும். வீட்டார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

3. டி-யை பிட்லாக்கரால் பூட்டியிருக்கிறீர்களா? தினமும் தானாகத் திறந்துகொண்டதே, அந்தச் சாவி இருந்தது சி-யில். பாஸ்வேர்டு நினைவில் இல்லையென்றால், இனி 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அதை நோட்பேடில் அடித்து டெஸ்க்டாப்பில் சேமித்து வையுங்கள். பிறகு ஃபார்மேட் அடியுங்கள்.

4. பென்டிரைவிலிருந்து பூட் செய்ததும் டிஸ்க் பட்டியல் வரும். அதில் சி, டி என்று இருக்காது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 3, பார்ட்டிஷன் 4 என்று இருக்கும். இரண்டையும் சரிபாதியாகப் பிரித்தவர்தானே நீங்கள்? அப்படியானால் அளவை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. தயங்காமல் ஒன்றை டெலீட் செய்யுங்கள்.

5. இரண்டு தனித்தனி டிஸ்க் வைத்திருக்கும் வசதிக்காரர்கள் இரண்டையும் செருகியபடியே விடுங்கள். பழைய டிஸ்க்கில் பூட் பார்ட்டிஷன் இருந்தால், விண்டோஸ் புதிய எஸ்எஸ்டியில் உட்கார்ந்துகொண்டு தன் பூட் கோப்புகளைப் பழையதில் கொண்டுபோய் வைக்கும். ஒருநாள் பழையதைக் கழற்றிப் பாருங்கள். கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

6. புது விண்டோஸ் வந்துவிட்டது. உள்ளே போனால் டி இப்போது ஈ ஆகியிருக்கலாம், கண்டுகொள்ளாதீர்கள். நேராகப் பழைய ஃபோல்டருக்குப் போய் மென்பொருளை டபுள் கிளிக் செய்யுங்கள். எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று பெட்டி வரும். காரணம் எளிது. டி-யில் போடு என்று நீங்கள் சொன்னபோது, மென்பொருள் தன் பாரத்தைத்தான் அங்கே இறக்கியது. ரெஜிஸ்ட்ரி பதிவு, சர்வீஸ்கள், பொதுவான டிஎல்எல்கள் எல்லாம் கேட்காமலே சி-க்குப் போயின. முறையான தீர்வு, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி++ தொகுப்பை நிறுவுவது. நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள். அந்த ஒற்றைக் கோப்பைப் பெயர் தெரியாத தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32-க்குள் போடுங்கள். அது வந்ததும் அடுத்த டிஎல்எல்லைக் கேட்கும். அதையும் போடுங்கள்.

7. பழைய கோப்பைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறதா? பயனர் பெயர் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆனால் விண்டோஸ் பார்ப்பது பெயரை அல்ல, உள்ளே தரும் அடையாள எண்ணை. அது மாறிவிட்டது. அந்த ஒரு ஃபோல்டரின் உரிமையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அது சின்ன வேலை. நீங்கள் டிரைவ் முழுவதற்கும் ‘எவரிஒன்’, ‘ஃபுல் கண்ட்ரோல்’ கொடுத்துவிடுங்கள்.

8. போர்ட்டபிள் வகை மென்பொருள்கள் பிரச்சினையில்லாமல் ஓடும். ஸ்டீம் விளையாட்டுகளும் பழைய ஃபோல்டரைக் காட்டினால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். இதை வைத்து, மற்றவையும் ஓடியே ஆகவேண்டும் என்று இரவு இரண்டு மணி வரை வாதாடுங்கள்.

9. கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால்தான் செய்யப்போகிறீர்கள். பழைய இடத்திலேயே போட்டால் இடம் மிச்சமாகும். ஆகவே ‘புரோகிராம்ஸ் நியூ’ என்று வேறு ஃபோல்டர் திறந்து போடுங்கள். பழையது அப்படியே கிடக்கட்டும். கண்ட்ரோல் பேனல் பட்டியலில் அது வராது, அதனால் அன்இன்ஸ்டால் செய்யும் தொல்லையும் இல்லை.

இன்ஸ்டாலர்களைத் தேடி டி-யைக் குடையாதீர்கள். அவை டவுன்லோட்ஸில் இருந்தன. டவுன்லோட்ஸ் சி-யில் இருந்தது.