இருநூறாலை பெருக்கிற மருமோனுக்கு

ரிம் ஹோர்ட்டன்ஸ் கவுண்டரிலை கோப்பி விலையைப் பாத்திட்டு, விரலை மடக்கி இருநூறாலை பெருக்கி, "மாமா, இந்தக் காசுக்கு ஊரிலை மூண்டு றாத்தல் பாண் வேண்டலாம்" எண்டு சொல்லி, பின்னாலை நிண்ட அவ்வளவு சனத்தையும் காக்க வைச்சாய் பார், அப்பதான் எனக்கு நிம்மதி. என்ரை தங்கச்சி பெத்த பிள்ளைதான், ஆஸ்பத்திரியிலை மாறுப்படேல்லை.

பெருக்கு மருமோனே, வேண்டாமெண்டு சொல்லேல்லை. வாய்ப்பாடு மறவாமல் இருக்கும். ஆனால் பெருக்கிறதெண்டால் எல்லாத்தையும் பெருக்க வேணும். பாண் பக்ரறியிலை இரவு வேலைக்குத் தாற சம்பளத்தை மட்டும் வடிவாய்ப் பெருக்கி கொம்மாவுக்கு வட்சப்பிலை அனுப்பிப்போட்டு, பேஸ்மன்ற் வாடகையைப் பெருக்காமல் விட்டனியாம். இப்ப ஊரிலை என்ன கதை தெரியுமோ? "அவளின்ரை பெடியன் மாதம் ஆறு லட்சம் உழைக்கிறான்." கோயில் திருப்பணிச் சபைக்காரர் உன்ரை நம்பரை என்னட்டைக் கேட்டவை. உடனை குடுத்துப்போட்டன். புண்ணியம்தானே, ஏன் தடுப்பான்?

அதோடை, ஆரின்ரையோ கறுப்புக் காரிலை சாய்ஞ்சு நிண்டு ஒரு படம் போட்டிருந்தாய். நல்லாய் இருந்தது. கார்க்காரன் வீட்டுக்குள்ளையிருந்து பாத்துக்கொண்டு நிண்டதும் படத்திலை வடிவாய் விழுந்திருக்கு. அது கிடக்கட்டும். ஜீ 1 சோதினை எழுதி, பேந்து ஜீ 2, பேந்து முழு ஜீ எண்டு படிப்படியாய்த்தான் இஞ்சை லைசன்ஸ் எடுக்க வேணும். அதுவரைக்கும் பிரெஸ்ரோ காட்டைத் தட்டிப்போட்டு பஸ்ஸிலை ஏறு. 2018 இலையிருந்து ஒருக்கால் தட்டினால் ரெண்டு மணித்தியாலத்துக்கு ரீ.ரீ.சி. பஸ்ஸிலையும் ரெயினிலையும் ஏறி இறங்கலாம். அதுக்குள்ளை கடைக்குப் போய்ச் சாமான் வேண்டிக்கொண்டு அதே காசிலை திரும்பி வாறவன்தான் இந்த நாட்டிலை கெட்டிக்காரன். அதை ஒருத்தரும் படம் பிடிச்சுப் போடமாட்டினம்.

குளிர் எண்டு இப்பவே நடுங்கிறாய். தம்பி, இது குளிரில்லை, கார்த்திகை. போன கிழமைதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்டவை. பங்குனியிலை திரும்ப முன்னுக்குத் தள்ளுவினம். மார்கழி வந்தால் பின்னேரம் நாலே முக்காலுக்கு முந்திச் சூரியன் படுத்திடும். ஐஞ்சு மணிக்கு எனக்கு அடிச்சு "மாமா, நித்திரை கொள்ளலாமோ?" எண்டு கேக்காதை. உனக்கு முன்னம் வந்தவன் ஒருத்தன் கேட்டவன், நான் ஓமெண்டு சொல்லி அவன் இரவு வேலைக்குப் போகாமல் விட்டவன்.

உன்ரை அந்த மெல்லிய தோல் ஜக்கெற் நல்ல எடுப்பாய் இருக்கு, விடாதை. தொப்பியும் போடாதை, தலைமயிர் குழம்பிப்போம். காது விறைச்சு விழுந்தால் என்ன, தலைமயிர் நீட்டாய் இருந்தால் காது இல்லாதது தெரியாது. இல்லை, காது வேணுமெண்டால் வலியூ வில்லேஜுக்குப் போ. ஆரோ ஒரு வின்ரர் மட்டும் போட்டிட்டுக் குடுத்த தடிச்ச ஜக்கெற் தொங்கும், அதை எடு. விலைத் துண்டிலை கிடக்கிற காசை மட்டும் எண்ணிக் கையிலை வைச்சிருந்து வெக்கப்படாதை. 13 வீத வரி காசாளரிட்டைப் போகேக்கைதான் வந்து ஏறும். சப்பாத்திலையும் கவனம். றோட்டிலை சினோ உருக எண்டு உப்பைக் கொட்டுவினம். நடந்து வந்து வாசலிலை கழட்டி வைச்சியெண்டால் காலமை பாக்க, தோலிலை வெள்ளை வெள்ளையாய்க் கோடு விழுந்து கிடக்கும். ஈரத்துணியாலை அண்டண்டைக்குத் துடைச்சுவிடு, இல்லாட்டி மாசிக்குள்ளை வெடிச்சுப்போம்.

பேஸ்மன்ற்றிலை சூடு காணாதெண்டும், வீட்டுக்காரர் எங்கடை ஊராள் எண்டபடியாலை கேக்கக் கூச்சமெண்டும் சொன்னனி. கேக்காதை. ஊராளிட்டைச் சட்டம் கதைக்கிறது மரியாதை இல்லை. ரொறன்ரோவிலை குளிர்காலத்திலை வாடகை வீட்டை 21 பாகைக்குக் குறையாமல் வைச்சிருக்க வேணுமெண்டு நகரசபைச் சட்டம் இருக்கு, 311க்கு அடிச்சு முறையிடலாம். அது கடைசி வழி. முதலிலை பின்னேரத்திலை மேலை போ. அவையின்ரை ஹோலிலை இருந்து, "அக்கா, உங்கடை வீட்டிலை நல்ல இதமான சூடு" எண்டு சொல்லிக்கொண்டு அவையோடை ரெண்டு சீரியல் பார். ரெண்டாம் நாளும் போ. மூண்டாம் நாள் கீழை உனக்கு வேர்க்கும்.

மேலை இருக்கிறவைக்கும் உன்னிலை ஒரு கோவம் இருக்கு, அதையும் சொல்லிப்போட்டன் எண்டு வை. நீ செத்தல் மிளகாயைத் தாளிக்கேக்கை புகை அலாரம் கத்துது எண்டு அதின்ரை பற்றியைக் கழட்டி மேசையிலை வைச்சிருக்கிறாய். ஒவ்வொரு மாடியிலையும் வேலை செய்யிற அலாரம் இருக்க வேணுமெண்டு ஒன்ராறியோவிலை சட்டம். பற்றியைத் திரும்பப் போடு. தாச்சியை மூடி, காத்தாடியைப் போட்டுத் தாளி. அதுக்கு முன்னம், ஜக்கெற்றைக் கொண்டுபோய் அறைக்குள்ளை வைச்சுக் கதவைச் சாத்து. இல்லாட்டி இன்ரவியூவுக்கு உன்னோடை கருவாடும் வரும். ஒருவேளை வேலை அதுக்குக் கிடைச்சாலும் கிடைக்கும்.

இன்ரவியூ எண்டவுடனை ஞாபகம் வருது. ஊரிலை வங்கியிலை உதவி முகாமையாளராய் இருந்த ஆள் நீ. கதிரை சுத்தும், பியோன் தேத்தண்ணி கொண்டுவருவான். இஞ்சை வந்து "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ?" எண்டு ஒரு சின்னப் பெட்டை கேட்டவுடனை முகம் கறுத்துப்போச்சாம். வேலை தந்தால்தான் அனுபவம் வரும், அனுபவம் வந்தால்தான் வேலை தருவினம். உந்தச் சுத்துக்குள்ளை தலை கிறுகிறுத்து நிண்ட டொக்ரர்மாரும் எஞ்சினியர்மாரும் ஸ்காபரோவிலை கனபேர். அப்பிடிக் கேக்கிறது பாகுபாடு எண்டு ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013 இலையே சொல்லிப்போட்டுது. 2026 தையிலையிருந்து, 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யிற இடங்கள் வேலை விளம்பரத்திலை அதைக் கேக்கவும் கூடாது. கேக்கக் கூடாதெண்டு சட்டம் வந்திட்டுது. நினைக்கக் கூடாதெண்டு இன்னும் வரேல்லை. அதாலை உன்ரை படிப்புச் சான்றிதழை இஞ்சைத்தைத் தரத்துக்கு மதிப்பிட்டு எடு, பின்னேர வகுப்பு ஒண்டிலை சேர். மற்றது, சுத்துற கதிரையைப் பற்றிப் பாண் பக்ரறியிலை ஒருத்தருக்கும் சொல்லாதை. அங்கை மா மூட்டை தூக்கிறவரிலை ஒருத்தர் ஊரிலை அதிபராய் இருந்தவர், அவரும் சொல்லுறேல்லை.

ஒரு சொல்லை மட்டும் கெதியாய்ப் பழகிப்போடு. பஸ்ஸிலை நீ அந்தாளின்ரை காலை மிதிச்சாய், அந்தாள் உனக்குச் 'சொறி' சொன்னான். நீ பெருமையாய்த் தலையாட்டினாய், நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். இந்த மாகாணத்திலை 2009 இலை மன்னிப்புக்கெண்டே ஒரு சட்டம் கொண்டுவந்தவை. நீ மன்னிப்புக் கேட்டதை வைச்சு, சிவில் வழக்கிலை உன்னிலை பிழையெண்டு ஒருத்தரும் சாட்சி காட்டேலாது. அதாலை தாராளமாய்ச் சொல்லு, ஒரு சதமும் செலவில்லை. எங்கடை ஊரிலை வேலியை ஒரு முழம் அரக்கிப் போட்டவன் மூண்டு தலைமுறைக்கு வழக்காடுவானே ஒழிய, வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லமாட்டான். அப்புக்காத்துமார் கல்வீடு கட்டினது அப்பிடித்தான்.

இனி, என்னைமாதிரிக் கிழடுகளிட்டைப் புத்தி கேக்கப் போறாயெண்டால் கொஞ்சம் அவதானம். "நாங்கள் வந்த காலத்திலை..." எண்டு துவங்கினால் நீ எழும்பிக் கோப்பி வேண்டப் போ. 1986 ஆவணியிலை நியூஃபவுண்ட்லாந்துக் கடலிலை ரெண்டு உயிர்காப்புப் படகிலை எங்கடை சனம் 155 பேர் தத்தளிச்சுக்கொண்டு நிண்டவை. கஸ் டால்ரன் எண்ட மீன்பிடிக் கப்டன் கண்டு காப்பாத்தினவர். அது சத்தியமான கதை, நெஞ்சு பதறுற கதை. ஆனால் இப்ப ஸ்காபரோவிலை போய்க் கேட்டுப் பார், அந்த ரெண்டு படகிலையும் ரெண்டாயிரம் பேர் வந்திருப்பினம். உன்ரை சின்ன மாமாவும் அதிலைதான் வந்தவராம். அவர் 1991 இலை விமானத்திலை வந்து இறங்கேக்கை சூட்கேஸ் தூக்கினது நான். உண்மையிலை அந்தப் படகிலை வந்தவர் ஒருத்தரை எனக்குத் தெரியும். மனிசன் இண்டுவரைக்கும் அதைப்பற்றிக் கதைச்சதே இல்லை. காலமை எழும்பி வேலைக்குப் போவார், வருவார்.

கிழடுகளைவிடப் பொல்லாதவை வீடு விக்கிற முகவர்மார். ஸ்காபரோவிலை கல்லெறிஞ்சால் ஒருத்தரிலைதான் விழும். எறியாதை, அந்தக் கல்லுக்கும் ஒரு விலை சொல்லுவார். நீ வந்து இறங்கிப் பெட்டியே முழுக்க அவிழ்க்கேல்லை, அதுக்குள்ளை ஒருத்தர் உன்னை ஏஜாக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் நாலு அறை வீடு காட்டினவராம். பாத்தனியோ, பிடிச்சுதோ? நல்லது. பாக்கிறதுக்குக் காசில்லை. முதலிலை ஒரு சின்ன கிரெடிற் காட் எடுத்து, மாதாமாதம் தவணைக்கு முன்னம் முழுக்கக் கட்டு. இந்த நாட்டிலை மனிசனுக்கு 300 இலையிருந்து 900 வரைக்கும் புள்ளி போடுவினம். ஊரிலை கடன்காரன் ஒழுங்கையாலை ஒளிச்சுப் போவான். இஞ்சை ஒருநாளும் கடன் படாதவனைத்தான் வங்கி சந்தேகத்தோடை பாக்கும்.

வீட்டுக் கடனின்ரை குணமும் தெரிஞ்சுகொள். 2022 துவக்கத்திலை கனடா மத்திய வங்கியின்ரை வட்டி கால் வீதம். 2023 ஆடிக்குள்ளை அதை 5 வீதமாக்கினவை. ஊருக்குக் காட்டவெண்டு பெரிய வீடு வேண்டி, மாறுற வட்டிக்குக் கடன் எடுத்தவை, மேல்மாடியை வாடகைக்கு விட்டிட்டுத் தாங்கள் பேஸ்மன்ற்றுக்கு இறங்கின கதையும் நடந்தது. படம் எடுக்கேக்கை மட்டும் மேலை வந்து வாசலிலை நிப்பினம். நீ இப்பவே கீழைதான் இருக்கிறாய். ஏறி இறங்கிற செலவு உனக்கு மிச்சம்.

சாமத்தியவீட்டுக் காட் நாலு வந்திருக்கெண்டும் கேள்விப்பட்டன். பிள்ளை பல்லக்கிலை வரும், இல்லாட்டிக் குதிரை வண்டிலிலை வரும். நீ என்வலப்போடை பஸ்ஸிலை போ. ஒண்டுக்கு மட்டும் போ. நாலுக்கும் போனியெண்டால் அந்த மாதம் பக்ரறிப் பாண்தான் சாப்பாடு. மற்ற மூண்டு பேரும் கோவிப்பினம், கோவிக்கட்டும். அடுத்த காட் வராது, அது லாபம்.

"அஞ்சு வருசம் உழைச்சிட்டு ஊருக்குத் திரும்பிடுவன் மாமா" எண்டு நேற்றுக் கண் கலங்கினாய். கலங்கு, அதுக்கும் வரியில்லை. நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் வந்தனாங்கள், இப்பவும் அந்த அஞ்சு வருசம் முடியேல்லை. ஆனால் நாள்க்கணக்கை ஒழுங்காய் எழுதி வை. நிரந்தர வதிவிடம் பறிபோகாமல் இருக்க, அஞ்சு வருசத்திலை 730 நாள் இஞ்சை இருக்க வேணும். குடியுரிமைக்கு 1,095 நாள். நல்லூர்த் திருவிழா 25 நாள், அதுக்கெண்டு போய்த் தங்கையின்ரை கலியாணம், பேந்து கொப்பரின்ரை வைத்தியம் எண்டு இழுத்தியெண்டால் இந்தக் கணக்கு உதைக்கும். வீட்டிலை ஒரு கலண்டர் தொங்குதே, அதிலை இப்ப நீ அடையாளம் போடுறது ஊருக்குக் காசு அனுப்பின நாள் மட்டும்தானே?

மாமிக்குத் தெரியாமல் எனக்கு அந்தக் கோப்பியை ரெண்டு கிறீம் ரெண்டு சீனியோடை வேண்டித் தந்தனி, அந்த நன்றிக்கு இவ்வளவும் சொன்னன். இனிக் கூலி கேக்கிறன்.

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவி ஒரு அத்தி மரம் வைச்சிருக்கிறா. எங்கடை குளிருக்கு அது தாங்காது. ஒவ்வொரு கார்த்திகையும் பள்ளம் வெட்டி, ஒரு பக்கத்து வேரைத் தளர்த்தி, மரத்தை மெல்லச் சரிச்சுப் படுக்க வைச்சு, மேலை பலகையும் மண்ணும் போட்டு மூடுறவ. சித்திரையிலை திரும்பக் கிண்டி நிமித்துவா. அவவின்ரை இங்கிலீசு எனக்கு விளங்காது, என்ரையது அவவுக்கு விளங்காது, சண்டையே வந்ததில்லை. வைகாசியிலை விக்டோரியா நாள் விடுமுறை கழியுமட்டும் தக்காளிக் கன்றை நிலத்திலை வையாதை, உறைபனி கருக்கிப்போடும் எண்டு கையாலை காட்டித் தந்தது அவதான். அது தெரியாமல் சித்திரை வெய்யிலைக் கண்டு நட்ட எங்கடை விவசாயிமார் பலர்.

சனிக்கிழமை காலமை எட்டு மணிக்கு வா. கிழவிக்கு இந்த முறை முதுகு ஏலாது, எனக்கும் ஏலாது, உன்னைப் பற்றிச் சொல்லியாச்சு. மண்வெட்டி ரெண்டு கிடக்கு. ஒண்டின்ரை பிடி ஆடுது, அதை நீ எடு.