கருப்பா, வெள்ளையா, நீலமா?

கவென்ட்ரி,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று சொல்லவும். வாய்ஸ் மெசேஜில் சொன்னால் கடைக்கு வெளியே வந்து நின்று சொல்லவும். போன தடவை அனுப்பியதில் பாதி கம்ப்ரஸர் சத்தம்தான் கேட்டது.

கார் புகை விடுகிறது என்று சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "கருப்பா, வெள்ளையா, நீலமா?" இந்த நாட்டில் வேறு ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. ஆபீஸில் சொன்னேன், "எலெக்ட்ரிக் வாங்கிடலாமே" என்றார்கள். காசு கொடுப்பது யார் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில்: கருப்பு. நல்ல கருப்பு. நாமக்கல்லில் உங்கள் மெக்கானிக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்த பாடம் எனக்கு மறக்கவில்லை. கருப்பென்றால் டீசல் ஜாஸ்தி, இல்லை காற்றுப் பத்தவில்லை. நீலமென்றால் ஆயில் எரிகிறது, ரிங்கையோ டர்போவையோ பார். வெள்ளையென்றால் தண்ணீர் உள்ளே போகிறது, கேஸ்கெட். அல்லது டீசல் எரியாமலே வெளியே வருகிறது, நாசில். பத்தாம் வகுப்பு வேதியியலைவிட இதில் எனக்கு மார்க் அதிகம் வந்திருக்கும்.

இந்த ஊரில் புகை விடுவது எப்பேர்ப்பட்ட மானக்கேடு என்பதைச் சொல்கிறேன். நம்மூரில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், "யோவ், வண்டிய வேலை பாருய்யா" என்று ஒரு சத்தம் போடுவான், தாண்டிப் போய்விடுவான். இங்கே எதிர்வீட்டுப் பாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேட் வரைக்கும் வந்தார். முதலில் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு உங்கள் பேத்தியின் பள்ளிக்கூடம். பிறகு அவருடைய ரோஜாச் செடிகள். திரும்பிப் போகிற போக்கில்தான், "உங்க கார் இப்ப பரவாயில்லையா?" என்றார். ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரை விசாரிக்கிற குரல். நானும் அதே குரலில், "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றேன். உள்ளே வந்ததும் உங்கள் மகள் விளக்கினாள்: "அவங்க திட்டிட்டுப் போறாங்க. உங்களுக்குத்தான் புரியல."

முதலில் ஒரு பெரிய பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை, மாமா. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயரைச் செருகினார், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார். புகை எந்தப் பக்கம் வருகிறது என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ எரர் கோட் வந்தது. ஈ.ஜி.ஆர். வால்வை மாற்றலாம், சரியாகாவிட்டால் காற்றை அளக்கிற சென்சார், அதற்கும் சரியாகாவிட்டால் இன்ஜெக்டர் என்று படிப்படியாகச் சொன்னார். ஒவ்வொரு படியும் சில நூறு பவுண்டு. செருகியதற்கே தனியாக ஒரு பில்.

அன்று ராத்திரிதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் அங்கே பரமத்தி ரோட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஐடில்ல வருதா, மிதிச்சா வருதா?" என்றீர்கள். மிதித்தால்தான், மோட்டார்வேயில் சேர்வதற்கு ஏறி மிதிக்கும்போது கண்ணாடியில் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. "இழுவை குறைஞ்சிருக்கா? உஸ்ஸுனு சத்தம் கேக்குதா?" இரண்டும் உண்டு. "அப்ப டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல போற ஹோஸைக் கையால தடவிப் பாரு மாப்ள. அடிப்பக்கம் ஈரமா ஆயில் ஒட்டும்."

ஒட்டியது, மாமா. விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். இன்ஜின் நின்றிருக்கும்போது வாய் மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். டர்போ அழுத்தம் கொடுத்தால்தான் வாய் திறக்கும். அளந்து உள்ளே விட்ட காற்று வழியிலேயே ஓடிப்போக, முழுக் காற்றுக்கான டீசலை இன்ஜின் பீய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. ரப்பர் ஹோஸ், இரண்டு கிளிப். லேப்டாப் சொன்ன ஜாமான் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து காதாலேயே பார்த்துவிட்டீர்கள் என்று உங்கள் மகள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுப் பாட்டிக்கு முதலில் சொன்னாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஹோஸை மாட்டிக் கொடுத்தவர் எங்கள் தெருமுனைப் பட்டறை சர்தார்ஜி. ஜலந்தர் பக்கத்துக்காரர், வந்து முப்பது நாற்பது வருஷமாகிறது. வேலையை முடித்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "ஹோஸ் கிழிஞ்சா கரி உண்டாகும், சரி. ஆனா அந்தக் கரி வெளியில எப்படி வந்துச்சு?"

நீங்கள் யோசிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நம்மூர் பி.எஸ்.6 வண்டிகளுக்குக் கீழே ஒரு பெட்டி வந்திருக்கிறது, அதை நினைத்தாலே தலைவலி என்றீர்களே, அதே டி.பி.எஃப். பெட்டி இங்கே யூரோ 5 காலத்திலேயே, 2009லிருந்து டீசல் கார்களுக்கு வந்துவிட்டது. உள்ளே பீங்கான் குழாய்கள், ஒன்று விட்டு ஒன்று முனை அடைத்தது. புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியேற வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். பெட்டி ஒழுங்காக இருந்தால் முன்னால் என்ன கூத்து நடந்தாலும் சைலன்சர் முனையில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிக்கலாம். எங்கள் காரிலோ கரி தாராளமாக வந்தது. சர்தார்ஜி வண்டியைத் தூக்கி டார்ச் அடித்தார். பெட்டி இருந்தது. பெட்டியின் முதுகில் ஒரு வெல்டிங் கோடும் இருந்தது. விரலால் தட்டினார். டொங் என்றது. முந்தைய சொந்தக்காரர் பெட்டியை வெட்டி, உள்ளே இருந்த பீங்கானை இடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி பற்றவைத்து, மேலே கருப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார். விற்கும்போது "மைலேஜ் பிரமாதம்" என்று சொன்னதன் ரகசியம் அதுதான்.

இப்படி ஓட்டுவது இங்கே குற்றம். காருக்கு ஆயிரம் பவுண்டு வரை அபராதம். அதைவிடப் பெரிய பயம் எம்.ஓ.டி. நம்ம எஃப்.சி. மாதிரிதான், ஆனால் சொந்தக் காருக்கும் மூன்று வயதுக்குமேல் வருஷா வருஷம் உண்டு. 1960இல் ஆரம்பித்தது. கட்டணம் 54.85 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம். வண்டி தேறாவிட்டால் ஆகிற செலவுக்குத்தான் சட்டம் எதுவும் இல்லை. டீசலுக்குப் புகைச் சோதனை பார்த்தால் நெஞ்சு பதறும். சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகிவிட்டு, நிற்கிற வண்டியை ஆக்ஸிலரேட்டர் தரையைத் தொடும் வரை மிதிக்கிறார்கள், திரும்பத் திரும்ப. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று டைமிங் பெல்ட்டுக்காக ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்வேன். இந்தச் சோதனையில் மூக்கும் கண்ணும் செல்லாது, எண்தான் செல்லும். 2008 ஜூலையிலிருந்து ஓட ஆரம்பித்த காருக்குப் பொதுவாக உச்சவரம்பு 1.5, யூரோ 6 வண்டிக்கு 0.7. போதாதென்று 2018 மே மாதத்திலிருந்து புது விதி: பெட்டி பொருத்திய வண்டியில் எந்த நிறத்தில் புகை கண்ணுக்குத் தெரிந்தாலும் ஃபெயில். உங்கள் மூன்று நிறப் பாடத்தை ஒரே வரியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஆக, பெட்டி வாங்கினோம். கம்பெனிப் பெட்டி ஆயிரம் பவுண்டைத் தாண்டியது; வெளி மால் அதில் பாதிக்கும் கீழே. எது வாங்கியிருப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

புகை நின்றது. தொல்லை ஆரம்பித்தது. பெட்டிக்குள் சேர்கிற கரி எங்கே போகும்? அதற்குள்ளேயே எரிய வேண்டும். எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூடு வர, வண்டி நல்ல வேகத்தில் நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நம் கார் ஓடுவதோ பள்ளிக்கூடம், கடை, உங்கள் மகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி. எதுவும் இரண்டு மைலைத் தாண்டாது. எனவே சர்தார்ஜியின் மருந்துச் சீட்டு: வாரம் ஒரு முறை மோட்டார்வேயில் அரைமணி நேரம். எங்கே போவது? "எங்கயும் போக வேண்டாம், ஓட்டினா போதும்." கரி எரிப்பதற்காக டீசல் எரிக்கிறோம், மாமா.

சும்மா போவானேன் என்று உங்கள் மகள் அதைப் புண்ணியக் கணக்கில் சேர்த்தாள். பர்மிங்காமுக்கு அந்தப் பக்கம் டிவிடேலில் பாலாஜி கோயில் இருக்கிறது. நல்ல பெரிய கோயில், புளியோதரையும் குறை சொல்ல முடியாது. போகிற வழி எம்6. அதில் பாதித் தூரம் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருக்கும். எனவே பெருமாளைத் தரிசித்துவிட்டு முன்னைவிட அதிகக் கரியோடு திரும்பினோம். இப்போது லெஸ்டர் போகிற எம்69தான். அதில் வழிமறிக்க ஒன்றுமில்லை, பார்க்கவும் ஒன்றுமில்லை. பேத்தி பின்சீட்டில் தூங்குவாள், உங்கள் மகள் பாட்டுப் போடுவாள், பெட்டி எரியும்.

சில நாள் அதுவாகவே எரிய ஆரம்பித்துவிடும், நேரம் காலம் பார்க்காமல். போன சனிக்கிழமை கடையிலிருந்து ஐஸ்கிரீமும் உறைந்த பரோட்டாவும் வாங்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைகிறேன், ஐடில் ஆயிரத்துக்கு ஏறுகிறது, ஃபேன் ஊளையிடுகிறது, சுட்ட இரும்பு வாசனை. பாதியில் நிறுத்தினால் கரியை எரிக்க வந்த டீசல் எரியாமல் ஆயிலில் கலந்துவிடும். அதுவே வழக்கமானால் ஆயில் நீர்த்து இன்ஜினுக்கே ஆபத்து. எனவே வீட்டை நெருங்கி, வீட்டைத் தாண்டிப் போனேன். "வீடு போயிருச்சுங்க" என்றாள் உங்கள் மகள். "தெரியும்" என்றேன். ரவுண்டானாவைச் சுற்றிவிட்டு மறுபடி வந்தோம், மறுபடி தாண்டினோம். ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பாட்டி முதல் தடவை கை காட்டினார். அடுத்த தடவை சந்தேகமாகக் காட்டினார். அதற்கப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பரோட்டா தப்பித்தது, ஐஸ்கிரீமைக் குடித்தோம்.

இவ்வளவு தொல்லை என்றால் ஏன் எல்லோரும் டீசல் வாங்கினார்கள் என்று கேட்டீர்கள். வாங்கச் சொன்னதே சர்க்கார்தான். 2001இல் கார்டன் பிரவுன் நிதி மந்திரியாக இருந்தபோது, கார்பன் டை ஆக்சைடு குறைவாக விடும் வண்டிக்குச் சாலை வரி குறைவு என்று மாற்றினார்கள். டீசல் அதில் கெட்டிக்காரன். பத்து வருஷத்தில் விற்கிற புதுக் காரில் ஏறக்குறைய பாதி டீசல். கரியையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. 2015இல் ஃபோக்ஸ்வாகன் பிடிபட்டது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக மூச்சு விடுகிற வண்டிகள், உலகம் முழுக்க 1.1 கோடி. இப்போது பர்மிங்காம் நடு ஊருக்குள் நம் காரை விட்டால் நாளொன்றுக்கு மாசுக் கட்டணம் 8 பவுண்டு, லண்டனில் 12.50. புதிதாக வாங்கி வரிச்சலுகை அனுபவித்தவர்கள் எல்லாம் எப்போதோ விற்றுவிட்டார்கள். இந்தப் பணத்தைக் கட்டுவது பழைய வண்டியை வாங்கிய பிளம்பரும் நர்ஸும்தான். எனக்கு இதில் கோபம் உண்டு.

ஆனால் புகை விட்டால் என்ன என்றும் சொல்ல மாட்டேன். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைமூட்டம். நாலாயிரம் பேர் செத்ததாக அப்போதே கணக்குச் சொன்னார்கள். அது நிலக்கரி. அதே லண்டனின் லூயிஷம் பகுதியில், பெரிய சாலையை ஒட்டி வாழ்ந்த ஒன்பது வயதுப் பெண் 2013இல் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். காற்று மாசும் அவள் சாவுக்கு ஒரு காரணம் என்று 2020இல் விசாரணையில் பதிவு செய்தார்கள். நம் வீட்டில் இருப்பவளுக்கு ஏழு வயது. பெட்டிக்குக் கொடுத்த காசைப் பற்றி அதற்கப்புறம் நான் முணுமுணுக்கவில்லை. எம்69 பற்றி முணுமுணுப்பேன்.

உங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம். நீங்கள் பிரித்துப் பிரித்து மாட்டிய மாஸி ஃபெர்குசன் டிராக்டரின் பூர்வீகம் இந்த ஊர்தான். 1946இலிருந்து பானர் லேனில் ஃபெர்குசன் டிராக்டர் லட்சக்கணக்கில் செய்தார்கள். ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஒருநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "தாத்தா இங்க வேலை பார்த்தாரா?" என்றாள். இல்லை, இங்கே பிறந்த வம்சத்து டிராக்டரை அங்கே ரிப்பேர் பார்த்தார் என்றேன்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. ஹோஸ் கதையைக் கேட்டதிலிருந்து சர்தார்ஜி உங்கள் நம்பரைக் கேட்டு நச்சரிக்கிறார். அவருடைய சொந்த வேன் குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு மாதிரி கடகடவென்கிறது. லேப்டாப் ஒன்றும் சொல்லவில்லையாம். சத்தத்தைப் பதிவு செய்து தனியாக அனுப்புகிறேன். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நீங்கள் இந்தி பேச மாட்டீர்கள், அவருக்குத் தமிழ் தெரியாது. நான் நடுவில் இருக்கிறேன். ஃபீஸ் உண்டா என்று கேட்டார். மாமா காசு வாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகள் குறுக்கிட்டு, அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்