எலாஸ்டிக் ஊரு அம்மிணிக்கு

ஏ அம்மிணி, அந்த முந்தானையைச் சித்த எறக்கு. இத்தனை வெயில்ல கையைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தா ஊரு கண்ணை மூடிக்குமா? கை வீங்கி வளையல் ஏறலைன்னு கழட்டி மருமகளுக்குக் குடுத்துட்டே. இந்த வீக்கத்துல சந்தோசப்பட்டது அவ ஒருத்திதான்.

ஒறம்பரைக்காரி ஒருத்தி, ‘யானைக்கால் கைக்கு வந்திருச்சு, ஒட்டிக்கும்’னாளாம். அவளுக்கு டாக்டர் பட்டம் குடுத்தது யாரு? யானைக்காலு கொசுவால வர்றது. உனக்கு மார்ல கட்டி எடுக்கறப்ப அக்குள்ள இருந்த நெணநீர் முடிச்சையும் எடுத்தாங்க, பொறவு கரண்டும் வெச்சாங்க. நீரு வடியற வழி கொறஞ்சு போச்சு, அதான் தேங்குது. சிலருக்கு வருசக்கணக்குக் கழிச்சுக்கூட வரும்.

சரி, வீக்கத்தை அமுக்கிப் புடிக்க டாக்டர் எழுதிக் குடுத்த ஸ்லீவு எங்க? ‘நானே லைக்ரா ரிப்புல ஒண்ணு தெச்சுக்கறேன்’ங்கறே. உலகத்துக்கே பனியன் தெக்கிற ஊருக்காரி வாயில வேறென்ன வரும்! நீ தெக்கிற கை மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே இறுக்கம். மேமடிப்புல எலாஸ்டிக் வேற வெப்பே. அது புஜத்தைக் கவ்விக்கிட்டா நீரு எப்படி மேல ஏறும்? ஸ்லீவுன்னா மணிக்கட்டுல கெட்டியா, மேல போகப்போக இளக்கமா இருக்கோணும். வீக்கம் கம்மியா இருக்கறப்ப அளவெடுத்து வாங்கோணும். ஆறு மாசத்துல தொஞ்சு போயிரும், மாத்தோணும். தொஞ்ச எலாஸ்டிக்கை நாலு வருசம் இழுத்துப் போடறது உன்ற ஊட்டுக்காரரு ஜட்டியோட நிக்கட்டும்.

அந்த வீங்குன கை வெரல்ல ஓவர்லாக் ஊசி ஏறுச்சுன்னா நூலைச் சுத்திக்கிட்டு அடுத்த பீஸை எடுக்காதே. சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வை. கை செவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தா, சனிக்கெழமெ சம்பளம் வாங்கீட்டுப் போலாம்னு இருக்காதே. அன்னைக்கே ஆஸ்பத்திரி.

‘கையை அசைக்கவே கூடாதாம்’னு சொல்லிச் சொல்லித் தட்டுக்கூட மருமகளைக் கழுவ வெக்கிறியே, கெட்டிக்காரி. அமெரிக்காவுல கேத்ரின் ஸ்மிட்ஸ்னு ஒரு அம்மா, உன்னாட்டமே கை வீங்குன 141 பொம்பளைகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணி 2009-லயே எழுதிட்டா. அதுல ஒரு பாதிப் பேரு ஸ்லீவு போட்டுக்கிட்டு, கூட ஆளு நின்னு பாக்க, துளியூண்டு எடையில ஆரம்பிச்சுக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனாங்க. பலம்தான் ஏறுச்சு, வீக்கம் அதனால ஏறலை. நர்சுக்குப் படிக்கற என்ற பேத்தி சொன்னா. அதுக்குன்னு நாளைக்கே தண்ணிக் கேனைத் தூக்கி எனக்குக் காமிக்காதே!

காலைல அளவெடுக்கப் போலாம், கெளம்பி இரு. பஸ்ஸுக்கு நான் தாரேன். ஸ்லீவுக்கு உன்ற பையன் தரட்டும். தீவாளி போனஸ்ல புதுப் போன் வாங்குனானல்ல, மிச்சம் எங்கேன்னு கேளு.