ஐ.சி.யூ. திட்டமிடுவது எப்படி? (ரிப்பன் வெட்டுவோருக்கு மட்டும்)

அடுத்த பெருந்தொற்று வருமா, வராதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வந்தால் பேட்டியில் சொல்ல ஓர் எண் கைவசம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது கட்டில்களின் எண்ணாகவே இருக்கட்டும். கட்டில் லீவு கேட்காது, சம்பளப் பாக்கி கேட்காது, போட்டோவில் வரிசையாக நிற்கும்.

முன்மாதிரிக்கு லண்டன் இருக்கிறது. எக்ஸெல் கண்காட்சி அரங்கில் 4,000 கட்டில் வரை போடக்கூடிய தற்காலிக மருத்துவமனையைச் சில நாட்களில் எழுப்பினார்கள். 2020 ஏப்ரல் 3 அன்று அப்போதைய இளவரசர் சார்லஸ் வீடியோவில் திறந்துவைத்தார். கொரோனா முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். மற்ற மருத்துவமனைகள் தங்கள் வார்டுகளையே ஐ.சி.யூ. ஆக்கிச் சமாளித்தன, வேலை தெரிந்த நர்ஸ்களும் அங்கேதான் இருந்தார்கள். புது இடத்துக்கு வைத்த பெயர் நைட்டிங்கேல், நர்ஸ் தொழிலுக்கு வழிகாட்டிய அம்மாள். அந்த அம்மாள் கட்டில் வியாபாரம் செய்யவில்லை என்பதை யாராவது அப்போது சொல்லியிருக்கலாம்.

அடுத்து வென்டிலேட்டர். 2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியில் 50,000 கருவிகளுக்குச் சுமார் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கருவி வாங்கினால் பில் வரும், பெட்டியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம். இயக்கத் தெரிந்தவரின் மேல் எதை ஒட்டுவது?

ஆகவே, நர்ஸ் கணக்கைக் கோப்பில் எழுதிவிடாதீர்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவர், மூன்று ஷிப்ட், வார ஓய்வு, லீவு, நர்ஸுக்கே வரும் காய்ச்சல் என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டிலுக்கு ஐந்து பேராவது வேண்டும். நூறு கட்டிலுக்கு ஐந்நூறு. நிதித்துறையில் அந்தக் கோப்பு படுத்துவிடும். மூச்சுக்குழாய் போட்ட ஒருவரைக் குப்புறத் திருப்பிப் படுக்கவைப்பதையும் போய்ப் பார்க்க வேண்டாம். தலைமாட்டில் ஒருவர் குழாயைப் பிடித்தபடி எண்ணிக்கை சொல்ல, இருபுறமும் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் புரட்டுவார்கள். கவச உடையில் முகம் தெரியாததால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதியிருக்கும். பார்த்துவிட்டால் பேட்டியில் எண் சொல்ல நாக்கு எழாது.

தினம் பத்துப் பேர் சேர்ந்தால் பத்துக் கட்டில் போதும் என்று கணக்கிடுங்கள். ஒருவர் சராசரியாகப் பத்து நாள் தங்கினால் நூறு வேண்டியிருக்கும்தான். ஆனால் அது பத்தாவது நாள் பிரச்சினை. நம் பேட்டி முதல் நாளே முடிந்துவிடும்.

ஆக்சிஜன் விஷயத்தில் ‘போதிய கையிருப்பு உள்ளது’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதீர்கள். பேசினால் பெருக்கல் வரும். ஹை ஃப்ளோ கருவி ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். சுமார் 7,000 லிட்டர் கொண்ட பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாகும். அப்படியானால் மருத்துவமனை வாசலில் கம்பீரமாக நிற்கும் 10,000 லிட்டர் தொட்டியை இப்படி நூறு பேர் ஒரே நாளில் காலி செய்துவிடுவார்கள். டேங்கர் லாரி எந்தச் சோதனைச்சாவடியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மறுநாள்.

2021 மே 1 அன்று தில்லி பத்ரா மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்து 12 பேர் இறந்தார்கள். மருத்துவமனையே அப்படித்தான் சொன்னது. இதற்கும் வழி உண்டு. இறப்புக் காரணப் பட்டியலில் ஆக்சிஜன் பற்றாக்குறைக்கென ஒரு கட்டம் வைக்காமல் படிவத்தை அச்சிட வேண்டும். அதே ஆண்டு ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் ஒன்றிய அரசு தந்த எழுத்துப்பூர்வ பதில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்றது. பொய்யே இல்லாத பதில். பாடமாகவே வைக்கலாம்.

அலை ஓய்ந்ததும் சுறுசுறுப்பு தேவை. 2020 மே 3 அன்று மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவினோமே, அதோடு நம் கடன் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு நர்ஸ்களின் ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் கொரோனா காலத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை நீட்டிப்பு இல்லை என்றானது. அவர்கள் போராட்டத்தில் உட்காரும்போது கட்டில்களைக் கிடங்கில் அடுக்கிப் பூட்டுங்கள். நர்ஸ்களின் செல்போன் எண்களை மட்டும் யாராவது குறித்து வைத்திருக்கட்டும். அடுத்த முறை ராத்திரியோடு ராத்திரியாகக் கூப்பிட வேண்டியிருக்கும்.